லத்தீன் படிக்காதவர்களின் இலக்கணம்

ஷேக்ஸ்பியர் தாம் எழுதிய மொழியின் இலக்கணத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடமாகக் கேட்டவர் அல்லர். அவருடைய பிள்ளைப் பிராயத்தில், அதாவது பதினாறாம் நூற்றாண்டின் பிற்பாதியில், இங்கிலாந்தின் சிறு பட்டணங்கள் பலவற்றில் கிராமர் ஸ்கூல் என்ற பெயரோடு வித்தியாசாலைகள் நடந்துவந்தன. ஸ்ட்ராட்ஃபோர்டில் இருந்த அத்தகைய சாலையில்தான் அவரும் பயின்றிருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். ஆயினும் அச்சாலைகளில் கிராமர் என்று போதிக்கப்பட்டது லத்தீன் இலக்கணம் ஒன்றே. லண்டன் செயின்ட் பால் பள்ளியின் முதல் தலைமையாசிரியராக விளங்கிய வில்லியம் லில்லியின் பெயரால் வழங்கிய நூலைத் தவிர வேறோர் இலக்கணம் நாட்டில் எங்கும் போதிக்கலாகாது என்று எட்டாம் ஹென்றி மன்னர் 1540-ஐ ஒட்டி ஆணை பிறப்பித்திருந்தார். சிறுவர்கள் காலை முதல் மாலை வரையில் பலகையில் அமர்ந்து அந்நூலின் வேற்றுமை வாய்பாடுகளை ஒப்பிப்பதும், ஒப்பிக்கத் தவறினால் பிரம்படி பெறுவதும், பெற்றபின் மீண்டும் ஒப்பிப்பதுமாகக் கல்வி நடந்தது. 'விண்ட்ஸர் மாதர்' நாடகத்தில் ஒரு வேல்ஸ் தேசத்துப் பாதிரியார் ஒரு சிறுவனை நிறுத்திவைத்து லத்தீன் உருபுகளைக் கேட்டு வதைக்கும் காட்சி வருகிறது. அந்தச் சிறுவனுக்கு வில்லியம் என்று கவிஞர் தம் பெயரையே சூட்டியிருப்பதைப் பார்த்தால், பழைய அடிகளை அவர் முற்றும் மறந்துவிடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தாய் மடியில் கற்ற பாஷைக்குத் தனியே இலக்கணம் எதற்கு என்ற எண்ணம் அக்காலத்துப் பண்டிதர்களிடம் வேரூன்றியிருந்தது. லத்தீன் கற்றவன், சொற்களின் வகையையும் வாக்கியத்தின் கட்டுக்கோப்பையும் அம்மொழியின் வழியே அறிந்து, அந்த அறிவைக் கொண்டு தன் மொழியையும் செவ்வையாக எழுதிவிடுவான் என்று அவர்கள் நம்பினார்கள். நம்பிக்கை ஓரளவு நியாயமானதுதான். ஆனால் லத்தீன் பள்ளியின் வாசலையே மிதிக்க முடியாதவர்கள் என் செய்வது? பெண்மக்கள், கணக்கெழுதப் போகவேண்டிய வணிகர் வீட்டுப் பிள்ளைகள், அரசாங்கத் திருச்சபையின் கொள்கையை ஏற்காத காரணத்தால் ஆக்ஸ்ஃபோர்டின் கதவு அடைக்கப்பட்ட பிற கிறிஸ்தவ சமூகத்தார், சிப்பாய்கள், ஏர் பிடிக்கும் சிறுவர்கள், அந்நிய தேசத்தார் ஆகிய இவர்களுக்காகவே ஆங்கில இலக்கணம் வளர்ந்தது, பெரும்பாலும் இவர்களாலேயே வளர்க்கவும் பட்டது என்பது என் துணிபு.

ஆங்கிலத்திலேயே எழுதப்பெற்ற முதல் ஆங்கில இலக்கணம் வில்லியம் புல்லோகர் என்பவரால் 1586-இல் வெளியிடப்பட்டது. இந்த மொழியும் விதிக்குக் கட்டுப்பட்டதே என்று நிலைநாட்டப் புறப்பட்ட அந்த ஆசிரியர், அதை நிலைநாட்டக் கைக்கொண்ட வழி லில்லியின் லத்தீன் நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன் சட்டத்துக்குள் ஆங்கிலத்தை அடைப்பது. போதாக்குறைக்கு, ஆங்கில எழுத்துக்கூட்டு ஒழுங்கற்றது என்று கண்டு நாற்பது எழுத்துக்கள் கொண்ட புதுமுறை ஒன்றைத் தாமே வகுத்து, இலக்கண நூலையும் அந்த எழுத்திலேயே அச்சிட்டார். அவருடைய எழுத்து அவரோடு மறைந்தது. லத்தீன் சட்டமோ மறையவில்லை. ஆங்கிலப் பெயர்ச்சொல் உடைமைப் பொருளில் ஓர் உருபை ஏற்பதோடு நின்றுவிடுவது. அப்படியிருக்க, லத்தீனுக்கு ஆறு வேற்றுமை உண்டாகையால் ஆங்கிலத்துக்கும் ஆறு வேண்டுமென்று, உருவில் மாறாத ஒரே சொல்லை ஆறு வரிகளில் அடுக்கிக் காட்டிய நூல்கள் பல எழுந்தன. தமையனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைத் தம்பிக்கு மாட்டி, கை நீளத்தை மடித்துவிட்ட கதை அது. நாம் சிரிப்பதற்கு அதிகாரம் உடையவர்கள் அல்லோம். பதினோராம் நூற்றாண்டில் வடமொழி வியாகரணத்தின் வார்ப்பில் தமிழை வார்க்க முயன்ற வீரசோழியம் நம்மிடமே இருக்கிறது.

அந்தச் சட்டையைக் கழற்றத் துணிந்தவர் இலக்கணப் பண்டிதர் அல்லர், கணித சாஸ்திரி. முடிவிலிக்கு இன்று உலகமெங்கும் வழங்கும் குறியைக் கணிதத்துக்கு அளித்த ஜான் வாலிஸ் 1653-இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தில், லத்தீனின் வேற்றுமைகளையும் பால் பாகுபாட்டையும் இந்த மொழியின்மேல் ஏற்றுவது வீண் குழப்பம் என்று கண்டித்தார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கண்டனத்தை அவர் எழுதியது லத்தீனில். பிற தேசத்தார் ஆங்கிலம் கற்பதற்கென்றே எழுதிய நூலாகையால் அவ்வாறு செய்ய நேர்ந்தது. தன்மை இடத்தில் 'ஷால்' வரவேண்டும், பிற இடங்களில் 'வில்' வரவேண்டும் என்று நம் மாணாக்கர்களை எத்தனையோ தலைமுறை வாட்டிய விதியும் அந்நூலில் காணப்படுவதுதான்.

கவிஞர் டிரைடனின் கதை இதற்கு நேர்மாறானது. தம் ஆங்கில வாக்கியம் சரியா என்ற சந்தேகம் எழும்போது அதை மனத்துக்குள் லத்தீனாக்கிப் பார்த்துச் சோதித்துக்கொள்வதுண்டு என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். 'ஆஃப்', 'டூ', 'வித்' முதலிய இடைச்சொற்கள் வாக்கியத்தின் இறுதியில் தொங்குவது பிழை என்று 1672-இல் முந்திய தலைமுறையின் பென் ஜான்சனைக் குறைகூறிய அவர், தம் பழைய கட்டுரை ஒன்றை 1684-இல் மறுபதிப்புச் செய்தபோது அதில் அவ்வாறு தொங்கிய சொற்களையெல்லாம் தேடித்தேடி இடம் மாற்றினார். லத்தீனில் அப்படி அமைக்க முடியாது என்பதைத் தவிர இவ்விதிக்கு உறுதியான வேறு காரணம் கிடையாது. ஆயினும் சென்ற நூற்றாண்டு வரையில் ஆசிரியர்களின் சிவப்பு மைக்கு இவ்விதி இரை தந்துகொண்டே இருந்தது.

சொல்லின் இலக்கணம் இவ்வாறு லத்தீனிடம் கடன்பட்டிருக்க, நிறுத்தற்குறிகளின் இலக்கணமோ மனிதனின் மூச்சினிடத்தில் தொடங்கியது. கி.மு. 200-ஐ ஒட்டி அலெக்ஸாண்டிரியாவின் மாபெரும் நூல்நிலையத்தைப் பரிபாலித்த அரிஸ்டோபனீஸ் என்ற கிரேக்கர், இடைவெளியின்றி எழுதப்பட்டிருந்த ஏடுகளை உரக்க வாசிப்பவருக்கு உதவியாக, அடியில் ஒரு புள்ளி, நடுவில் ஒரு புள்ளி, உச்சியில் ஒரு புள்ளி என்று மூவகைப் புள்ளிகளை வகுத்தார். எங்கே சிறிது நிற்பது, எங்கே நெடிது நிற்பது என்பதே அவற்றின் பொருள். வாக்கியத்தின் உறுப்புக்களைப் பிரித்துக் காட்டுவது என்ற தொழில் அவற்றின்மேல் மெல்ல மெல்ல ஏறியது. அச்சு யந்திரம் வந்த பின்னர், வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற அச்சுப் பிரபு 1490-களில், கமாவின் மேல் ஒரு புள்ளியை நிறுத்தி, இன்று நாம் அரைப்புள்ளி என்று வழங்கும் அடையாளத்தை முதன்முதலாக அச்சில் ஏற்றினார். அது கடல் தாண்டி இங்கிலாந்தின் அச்சுக்கூடங்களில் பழக்கத்துக்கு வர ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது. எழுத்து மறைந்த இடத்தைக் காட்டும் மேற்கொம்பாகிய அப்பாஸ்ட்ரபி பிரெஞ்சு அச்சுக்காரர்களிடமிருந்து பதினாறாம் நூற்றாண்டில் வந்தது. உடைமைப் பொருளைக் காட்ட அதைப் பயன்படுத்தும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் நிலைத்தது. அதன்பிறகும் ஒருமைக்கு எங்கே, பன்மைக்கு எங்கே என்ற தகராறு ஓயவில்லை.

நிறுத்தற்குறிகளைச் செவியால் அளக்கும் பழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலும் மாறாமலே இருந்தது. முற்றுப்புள்ளி முதல் கமா வரையிலான நான்கு குறிகளையும் மேல்நாட்டுச் சங்கீதத்தின் ஸ்வரக் கால அளவுகளோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றும் முன்னதில் பாதி என்று ஒரு பிஷப் விளக்கினார். அவருக்குப் பின்வந்த ஆசிரியர் ஒருவர் அதையே நேர் கணக்காக்கி, கமாவுக்கு ஒரு பங்கு நிற்றல், அரைப்புள்ளிக்கு இரண்டு, கோலனுக்கு நான்கு, முற்றுப்புள்ளிக்கு எட்டு என்று வரும்படி விதித்தார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று மாத்திரை எண்ணிப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் எட்டு மாத்திரை நின்று வாசித்த மனிதர் எவரேனும் இருந்திருப்பாரா என்பதை எண்ணும்போது, விதி வகுக்கும் ஆசை அறிவாளிகளை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்கிறது என்பது விளங்கும். நடைமுறையில் இந்தக் குறிகளை இட்டவர்கள் எழுத்தாளர்களே அல்லர். அச்சுக் கோப்பவர்களும் புரூஃப் திருத்துபவர்களுமே இட்டுவந்தார்கள். வேர்ட்ஸ்வொர்த் தம் பாடல் தொகுதியின் மறுபதிப்புக்காக 1800-இல் கையெழுத்துப் பிரதியை அனுப்பியபோது, தமக்குக் குறியிடும் வித்தை போதாது என்று வெட்கத்தோடு ஒப்புக்கொண்டு, அந்தப் பணியைத் தாம் நேரில் சந்தித்தறியாத ஹம்ஃப்ரி டேவி என்ற இளம் இரசாயன சாஸ்திரியிடம் ஒப்படைத்தார் என்பதை, கமா தவறியதற்காகப் பெஞ்சின் மேல் ஏற்றப்பட்ட சிறுவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மேலே பெயர் கூறாது விட்ட பிஷப்பையும் அவரைச் சூழ்ந்த காலத்தையும் இனிப் பார்க்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலக்கண நூல்கள் மழைக்காலத்து வெள்ளமாகப் பெருகின. வாணிபத்தால் செல்வம் சேர்த்த நடுத்தர வகுப்பார், பெரிய மனிதர்களுடைய சபையில் வாய் திறக்கும்போது தம் பேச்சு தம் பூர்வோத்தரத்தைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று அஞ்சிய காலம் அது. நியூகாஸில் நகரத்தில் பெண்களுக்குப் பள்ளி நடத்திய ஆன் ஃபிஷர் என்ற மாது, 1740-களில் ஓர் இலக்கணம் எழுதி, ஆங்கிலச் சொற்களை நான்கே வகையில் அடக்கினார். அவருடைய நூலில் பிழை நிறைந்த வாக்கியங்களைத் தந்து, அவற்றைத் திருத்தும்படி மாணாக்கர்களை ஏவும் அப்பியாசங்கள் இருந்தன. இன்றளவும் பரீட்சை வினாத்தாள்களில் குடிகொண்டிருக்கும் அந்தப் பிழைதிருத்தும் பாடத்தை இலக்கணப் புத்தகத்தில் புகுத்தி நிலைநாட்டியதில் இப்பெண்மணிக்குப் பெரும்பங்கு உண்டு. 1761-இல் நூல் வெளியிட்ட ஜோசப் பிரீஸ்ட்லியோ, திருச்சபைக்குப் புறம்பான மதக் கொள்கையை உடையவர். பின்னாளில் பிராணவாயுவைப் பிரித்தெடுத்துப் பெயர் பெறப்போகிறவர். இயற்கையைச் சோதனை செய்து அறிவது போலவே, மக்கள் வழக்கைக் கண்டு அதிலிருந்தே விதியைத் தொகுக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. என் மனம் அவர் பக்கமே சாய்கிறது. ஆனால் உலகம் அவரைப் பின்பற்றவில்லை.

உலகம் பின்பற்றியது அடுத்த ஆண்டாகிய 1762-இல் வெளிவந்த ராபர்ட் லௌத்தின் சிறுநூலை. ஹீப்ரு கவிதையைப் பற்றி ஆக்ஸ்ஃபோர்டில் நிகழ்த்திய பிரசங்கங்களால் கீர்த்தி அடைந்து, பின்னர் லண்டன் நகரத்து பிஷப் பதவி வரையில் உயர்ந்த அவர், தம் சிறு மகன் படிப்பதற்காக எழுதத் தொடங்கிய நூல் அது. விதியை மேலே சொல்லி, அதை மீறிய உதாரணங்களை அடிக்குறிப்பில் காட்டுவது அவர் முறை. ஷேக்ஸ்பியரும் மில்டனும் அந்த அடிக்குறிப்புக்களில் தலைகுனிந்து நிற்கிறார்கள், ஆங்கில பைபிளும் தப்பவில்லை. பிற்காலத்தார் அவரை இரக்கமற்ற சட்டாம்பிள்ளை என்று ஏசினர். அவர் நூலை அமைதியாக வாசிப்பவர்க்கு அத்தனை கடுமை தென்படுவதில்லை. வாக்கிய இறுதியில் இடைச்சொல்லை விடும் வழக்கத்தைப் பற்றிப் பேசுமிடத்தில், அது நம் மொழிக்கு இயல்பான பழக்கம் என்ற கருத்தைச் சொல்லும் வாக்கியத்தை அவர் அதே பழக்கத்தின்படி அமைத்திருக்கிறார். அது தற்செயல் அன்று, குறும்புதான் என்று நான் கருதுகிறேன்.

லௌத்தின் நூலைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தவர் லிண்ட்லி மரே. பென்ஸில்வேனியாவில் 1745-இல் பிறந்து, நியூயார்க்கில் வக்கீலாகவும் வணிகராகவும் பொருள் ஈட்டி, உடல் தளர்ந்து, சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் இங்கிலாந்து சென்று, யார்க் நகரத்தின் புறத்தே ஒரு வீட்டில் பெரும்பாலும் நாற்காலியிலேயே வாழ்நாளைக் கழித்தவர் அவர். க்வேக்கர் என்ற எளிய சமயக் கூட்டத்தைச் சேர்ந்தவராகையால், அக்கூட்டத்தார் யார்க்கில் நடத்திய பெண்கள் பள்ளியின் உபாத்தியாயினிகள் மூவர் அவரை அணுகித் தங்கள் மாணவிகளுக்கு ஏற்ற இலக்கணம் ஒன்று எழுதித் தரும்படி வேண்டினர். 1795-இல் நூல் வெளிவந்தது. மூச்சு நிற்றலுக்கு ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று கணக்கு விதித்தவர் இவரே. சுயமாக எதையும் கண்டுபிடித்ததாக அவர் உரிமை கொண்டாடவில்லை. முன்னோர் நூல்களிலிருந்து, முக்கியமாக லௌத்திடமிருந்து, எடுத்துத் தொகுத்து, எளிதிலிருந்து அரிதுக்கு ஏறும்படி வரிசைப்படுத்தினார். வந்த ஊதியத்தைத் தர்மத்துக்குக் கொடுத்தார். ஒரு சிறு பெண்கள் பள்ளிக்கு எழுதிய புத்தகம் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் பள்ளிகள்தோறும் புகுந்தது. 1851-இல் வெளியான மெல்வில்லின் திமிங்கில வேட்டை நாவலில், கப்பலில் பணிபுரியும் நீக்ரோச் சிறுவன் ஒருவன் வினைச்சொல்லைத் தன்மை முன்னிலை படர்க்கையில் அடுக்குவதைக் கேட்டு, இவன் மரேயைப் படித்திருக்கிறான் என்று ஒரு மாலுமி சொல்லும் அளவுக்கு அப்பெயர் பரவியிருந்தது.

இந்த வரலாற்றில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தவர் வில்லியம் காபெட். ஏழை உழவர் குடியில் ஃபார்னம் என்னும் ஊரில் பிறந்து, பயிர் காக்கப் பறவை விரட்டியும் ஏர் பிடித்தும் வளர்ந்த அவர், 1784-இல் பட்டாளத்தில் சேர்ந்து சாத்தம் என்ற கோட்டை நகரத்தில் தங்கினார். எழுத்து நன்றாயிருந்ததால் தளகர்த்தருக்குக் கடிதங்களைப் பிரதி செய்யும் வேலை வாய்த்தது. இலக்கணம் படி என்று தளகர்த்தர் சொல்ல, லௌத்தின் நூலை வாங்கினார். அதை முழுவதும் இரண்டு மூன்று முறை கையால் எழுதினார். பிறகு நெட்டுருச் செய்தார். காலையும் மாலையும் ஒப்பித்தார். காவலுக்கு நிறுத்தப்படும் ஒவ்வொரு தடவையும் புத்தகம் முழுவதையும் ஒருமுறை மனத்துக்குள் சொல்லி முடிப்பது என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்டார். நாளொன்றுக்கு ஆறு பென்ஸ் சம்பளம். மெழுகுவத்திக்கு வழியில்லாமையால் குளிர்காலத்து இரவுகளில் அடுப்பு வெளிச்சமே விளக்கு, அதுவும் முறை வரும்போதுதான்; கட்டில் விளிம்பே ஆசனம், முதுகுப்பையே புத்தக அலமாரி. காகிதத்துக்கும் பேனாவுக்கும் காசு வேண்டுமென்று வயிற்றைக் கட்டிய அந்நாட்களில், மறுநாள் ஒரு கருவாடு வாங்கலாம் என்று ஒதுக்கி வைத்திருந்த அரைப் பென்னி தொலைந்துபோனதை இரவில் கண்டு, கந்தல் போர்வைக்குள் தலையைப் புதைத்துக் குழந்தை போல் அழுததாக முதுமையில் எழுதினார். இலக்கணத்தை வெறும் சோம்பேறிப் பண்டிதர் விளையாட்டு என்று எண்ணுவோர் இந்தப் பகுதியை ஒருமுறை வாசிக்கவேண்டும்.

வயிறு பட்டினி கிடக்க இலக்கணம் எதற்கு? 1793-இல் ஷெஃபீல்டு நகரத் தொழிலாளர் வாக்குரிமைச் சீர்திருத்தம் வேண்டி அனுப்பிய மனுவை, அதன் மொழி மரியாதைக் குறைவானது என்று காரணம் காட்டிப் பார்லிமெண்டு தள்ளிவிட்டது. எழுதத் தெரியாதவனுக்கு ஆளத் தெரியாது என்பதே மேன்மக்களின் வாதம். அதற்குக் காபெட் கூறிய விடை ஓர் இலக்கணப் புத்தகம். அரசாங்கத்தைத் தாக்கிப் பத்திரிகை நடத்தி, ஒருமுறை சிறை புகுந்து, மறுமுறை சிறைக்குத் தப்பி அமெரிக்கா சென்றிருந்த காலத்தில், லாங் ஐலண்டில் ஒரு பண்ணையில் இருந்துகொண்டு, தம் பதினான்கு வயது மகனுக்கு எழுதும் கடிதங்களாக அமைத்து 1818-இல் அதை வெளியிட்டார். சிப்பாய்கள், மாலுமிகள், தொழில் பழகும் பையன்கள், ஏர் பிடிக்கும் சிறுவர்கள் ஆகியோருக்கென்று முகப்பிலேயே கூறிவிட்டார். பிழை வாக்கியத்துக்கு உதாரணம் வேண்டிய இடங்களில் பிற நூலாசிரியர்கள் தாங்களே வாக்கியம் கற்பித்துத் தருவது வழக்கம். காபெட் அரசர் உரைகளிலிருந்தும் மந்திரிகளின் எழுத்திலிருந்தும் பொறுக்கித் தந்தார். பின்வந்த பதிப்பிலோ, ராஜதந்திரிகள் பிழையாக எழுதாமல் இருப்பதற்கு என்று ஆறு பாடங்களைத் தனியே சேர்த்தார். திப்புவின் அரசைக் கவிழ்த்த கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி, பிற்காலத்தில் அயர்லாந்திலிருந்து அனுப்பிய அரசாங்கக் கடிதம் ஒன்று அப்பாடங்களில் வரிவரியாக அறுத்துச் சோதிக்கப்பட்டிருப்பதைக் காண்பதில் நமக்கு ஒரு தனிச் சுவை உண்டு.

அமெரிக்காவிலும் இதே கதைதான். காட்டு வெளியில் குடிசையில் வளர்ந்த ஆபிரகாம் லிங்கன், தகப்பனாரைப் பிரிந்து இருபத்துமூன்று வயதுக்குப் பிறகே ஆங்கில இலக்கணம் படித்ததாகத் தாமே எழுதியிருக்கிறார். நியூ சேலம் கிராமத்தில் அவர் பயன்படுத்திய கர்க்கம் என்பவரின் இலக்கணப் பிரதி வாஷிங்டன் காங்கிரஸ் நூல்நிலையத்தில் இன்றும் இருக்கிறது. வாக்கியத்தைக் கோடுகளால் வரைந்து காட்டும் முறை புரூக்ளினில் ரீட், கெல்லாக் என்ற இரு ஆசிரியர்களால் 1877-இல் பிரசித்தமாயிற்று: ஒரு கிடைக்கோடு, எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே அதை வெட்டும் ஒரு செங்குத்துக்கோடு, அடைமொழிகளுக்குச் சாய்வுக்கோடுகள். அமெரிக்கப் பள்ளிகளில் இரண்டு மூன்று தலைமுறைகள் அதை வரைந்தே வளர்ந்தன.

நம் நாட்டுக்கு வந்தது கோட்டு முறை அன்று, பிரித்தோதும் முறை. பார்ஸிங் என்றும் அனாலிஸிஸ் என்றும் நம் தாத்தாமார்கள் பெருமூச்சோடு நினைவுகூர்வது அதுவே. வடமேற்கு மாகாணங்களிலும் அயோத்தியிலும் கல்வி இலாகாவில் உத்தியோகம் வகித்த நெஸ்ஃபீல்டு, 1890-களில் இந்திய மாணாக்கர்களுக்காக நான்கு பாகங்களாக எழுதிய இலக்கண வரிசை இங்கிலாந்தின் பள்ளிகளுக்கும் திரும்பிச் சென்றது. அதன் இடத்தைப் பின்னர்ப் பிடித்தது பம்பாய் மாகாணத்தில் கல்வி உத்தியோகம் பார்த்த ரென், அவரோடு மார்ட்டின் சேர்ந்து 1930-களில் எழுதிய புத்தகம். பாலைவனப் பட்டாளத்து வீரக்கதையாகிய 'போ ஜெஸ்ட்' நாவலை 1924-இல் எழுதிப் புகழ் பெற்றவரும் இதே ரென்தான் என்பதை அறிந்தால், அவரைப் பொருட்பெயர், பண்புப்பெயர் அட்டவணைகளோடு மட்டும் பிணைத்து வைத்திருப்போர் வியப்படைவர்.

இங்கிலாந்திலோ இலக்கணப் போதனை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே தளர்ந்தது. லத்தீன் சாயலில் சொற்களை வகைப்படுத்தி ஒப்பிப்பதால் எழுதும் திறன் வளர்வதில்லை என்ற அபிப்பிராயம் ஓங்கி, 1960-களுக்குள் பெரும்பாலான பள்ளிகளில் பார்ஸிங் மறைந்தே போயிற்று. ரென், மார்ட்டின் எழுதிய புத்தகத்தை மட்டும், பிரசாத ராவ் என்ற இந்தியப் பேராசிரியர் திருத்தியமைக்க, டெல்லியிலிருந்து பதிப்பு மேல் பதிப்பாக வெளியிட்டுக்கொண்டிருக்கிறார்கள். உத்தியோகப் பரீட்சைக்குப் போகும் பையன்கள் இன்றும் அதைப் பழைய புத்தகக் கடைகளில் பேரம் பேசி வாங்கிச் செல்கிறார்கள்.